கிராபிக்ஸ் கார்ட் ஓவர்கிளொக்கும் பயோஸ் ஃபிளாஷும்: அறிகுறியை வைத்துப் பிழை பிடிப்பது

ஓவர்கிளொக், அதாவது கார்டை அதன் மூல வேகத்துக்கு மேல் ஓட்டுவது, பற்றி இணையத்தில் கிடைக்கும் எண்களில் பெரும்பாலானவை 20, 22 பாகை செல்சியஸ் அறையில் எடுக்கப்பட்டவை. ஏசி போடாத கொழும்பு வெள்ளவத்தை அறையில் பகலில் 30, 31 பாகை இருக்கும். ஃபேன் அதே வேகத்தில் சுற்றினால், அறை எத்தனை பாகை கூடுதலோ ஏறத்தாழ அத்தனை பாகை கூடுதலாகவே கார்டும் நிற்கும். அதனால் வேறொருவர் கோருக்கு +150, மெமரிக்கு +1000 என்று கூட்டிய மெகாஹெர்ட்ஸ் எண்களை அப்படியே போட்டுவிட்டுப் பிறகு பிழை தேடுவது வீண் மினக்கேடு.

பிழை வரக்கூடிய இடங்கள் நான்குதான்: கோர் (கணக்குப் போடும் பிரதான சிப்), மெமரி, மின்சாரம், சூடு. ஒவ்வொன்றும் தனக்கென ஓர் அறிகுறியைக் காட்டும். அதைச் சரியாக வாசித்தால் அநேகமான சிக்கல்கள் ஆஃப்டர்பேர்னரில் (கார்டின் வேகத்தை மாற்றும் மென்பொருள்) இரண்டு எண்களைக் குறைப்பதோடு முடிந்துவிடும். கார்டிலேயே பதிந்துள்ள அடிப்படை மென்பொருளான பயோஸைத் திரும்ப எழுதும் (ஃபிளாஷ்) தேவையே வராது.

முதலில் ஓர் அடிப்படை அளவீடு வேண்டும். எம்எஸ்ஐ ஆஃப்டர்பேர்னரில் ரீசெட் அழுத்தி எல்லாவற்றையும் பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள். கார்டின் அளவீடுகளைக் காட்டும் ஜிபியூ-இசட், எச்டபிள்யூ-இன்ஃபோ இரண்டையும் திறந்துவைத்து, யுனிஜின் சூப்பர்பொசிஷன் என்ற பாரச் சோதனையையோ நீங்கள் வழமையாக விளையாடும் பாரமான கேமையோ 20 நிமிடம் ஓடவிடுங்கள். கோர் வேகம், கோர் சூடு, ஹொட் ஸ்பொட் (சிப்பின் மிகச் சூடான இடம்) சூடு, எடுக்கும் வொட் ஆகிய நான்கையும் எழுதிவையுங்கள். ஓவர்கிளொக் எதுவும் இல்லாமலே இந்த 20 நிமிடத்தில் கார்ட் தடுமாறினால் அது ஓவர்கிளொக்கின் பிழையில்லை. கார்ட், டிரைவர், பவர் சப்ளை மூன்றில் ஒன்றைச் சந்தேகியுங்கள்.

அறிகுறி: திரை ஓரிரு நொடி கறுத்துத் திரும்பி வருகிறது, அல்லது கேம் தானாக மூடுகிறது

இது பெரும்பாலும் கோர். கார்ட் 2 நொடிக்குள் பதில் தராவிட்டால் விண்டோஸ் டிரைவரை நிறுத்தி மறுபடி தொடக்கும். விண்டோஸின் நிகழ்வுப் பதிவான ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பட்டியலைத் திறந்தால் 4101 என்ற எண் நிற்கும். என்வீடியா டிரைவரின் பெயரில் 13, 14, 153 ஆகிய எண்களும் வரக்கூடும். டிரைவர் திரும்பவும் எழ முடியாமல் போனால் 116 என்று முடியும் நீலத்திரை வரும்.

கோர் ஒஃப்செட்டை (மூல வேகத்துக்கு மேல் நீங்கள் கூட்டிய அளவு) 30 மெகாஹெர்ட்ஸ் இறக்குங்கள். அண்மைக்கால என்வீடியா கார்டுகள் 15 மெகாஹெர்ட்ஸ் படிகளில்தான் நகரும் என்பதால் 5, 10 என்று குறைத்துப் பார்ப்பதில் பலனில்லை. ஒவ்வொரு கிராஷுக்குப் பிறகும் கொம்பியூட்டரை ரீஸ்டார்ட் செய்துவிட்டே அடுத்த சோதனையைத் தொடங்குங்கள். டிரைவர் விழுந்தெழுந்த பிறகு கார்ட் பழைய வேகத்துக்குத் திரும்பியிருக்கலாம். ஆஃப்டர்பேர்னர் மட்டும் உங்கள் எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும். அந்த நிலையில் "இப்போது நிலையாக ஓடுகிறதே" என்று நம்பி ஏமாறுகிறவர்கள் பலர்.

ஒரு நுணுக்கம். பாரமான காட்சியில் நன்றாக ஓடும் கார்ட், மெனுத் திரையிலோ பழைய இலகுவான கேமிலோ விழுவதுண்டு. பாரம் குறைவாக இருக்கும்போது கார்ட் குளிர்ந்து, மின் எல்லையையும் தொடாமல், எந்த வோல்டேஜுக்கு எவ்வளவு வேகம் என்று காட்டும் வேக வளைவின் உச்சிக்கு ஏறிவிடுகிறது. நீங்கள் கூட்டிய ஒஃப்செட் அந்த உச்சியையும் உயர்த்தியிருக்கும். கடும் பாரம் கொடுக்கும் சோதனையான ஃபர்மார்க்கில் ஒரு மணிநேரம் ஓடியது ஓவர்கிளொக் நிலையானது என்பதற்குச் சான்றாகாததும் இதனால்தான்: ஃபர்மார்க் கார்டை மின் எல்லையில் முட்டவைத்து வேகத்தைக் கீழே அமுக்குவதால் உச்சிப் புள்ளிகள் சோதிக்கப்படுவதே இல்லை. ஆஃப்டர்பேர்னரில் கன்ட்ரோல், எஃப் இரண்டையும் சேர்த்து அழுத்தி வளைவைத் திறந்து, உச்சியிலுள்ள புள்ளிகளை ஒரே மட்டத்துக்குத் தட்டையாக்குங்கள். 3டிமார்க் டைம் ஸ்பை ஸ்ட்ரெஸ் டெஸ்டின் 20 சுற்றுகளையும், அதற்குப் பிறகு இலகுவான ஒரு கேமில் அரை மணிநேரத்தையும் தாண்டினால் நம்பலாம்.

அறிகுறி: மினுமினுக்கும் புள்ளிகள், நிறக் கட்டங்கள், சதுரங்கப் பலகை போன்ற வடிவங்கள்

மெமரி. ஒஃப்செட்டை 200 குறைத்துப் பாருங்கள். முக்கோணங்கள் நீண்டு திரையைக் குறுக்கே வெட்டினால் கோரும் சம்பந்தப்பட்டிருக்கலாம். இரண்டையும் பூச்சியத்துக்குக் கொண்டுவந்து தனித்தனியே ஏற்றுங்கள். மதர்போர்ட் பயோஸ் திரையிலேயே புள்ளிகள் தெரிந்தால் ஆஃப்டர்பேர்னருக்கு அங்கே வேலையில்லை: மெமரிச் சிப்போ அதன் ஈய ஒட்டோ பழுதாகியிருக்கும்.

அறிகுறி: பிழை எதுவும் இல்லை, ஆனால் மெமரியைக் கூட்டக் கூட்ட எஃப்பிஎஸ் (நொடிக்கு வரும் படங்கள்) குறைகிறது

அதிகம் பேர் தவறவிடும் அறிகுறி இதுதான். ஜிடிடிஆர்6, ஜிடிடிஆர்6எக்ஸ் மெமரிகள் தரவு பழுதாகிப் போனதைக் கண்டுபிடித்து அதைத் திரும்ப அனுப்பக்கூடியவை. எல்லையைத் தாண்டினாலும் உடனே திரையில் புள்ளி வராது. திரும்ப அனுப்புவதிலேயே நேரம் போய் வேகம் குறையும். திரை சுத்தமாக இருக்கிறது என்பதை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

ஒவ்வொரு 100க்கும் ஒரே பெஞ்ச்மார்க்கை (வேகத்தை அளக்கும் சோதனை) ஓட்டி அது தரும் மதிப்பெண்ணை எழுதிவாருங்கள். ஏறிக்கொண்டே போகும் மதிப்பெண் ஓரிடத்தில் நின்று இறங்கத் தொடங்கும். உச்ச மதிப்பெண் வந்த ஒஃப்செட்டிலிருந்து 100 குறைத்து அங்கே நிறுத்துங்கள். என்வீடியா ஜிடிடிஆர்6 கார்டில் ஆஃப்டர்பேர்னரின் +500 என்பது செக்கனுக்கு 1 ஜிகாபிட் கூடுதல் என்பதையும் மனத்தில் வைத்தால், +1500 எவ்வளவு பேராசை என்பது புரியும். பிறகு ஓசிசிடி என்ற கருவியின் விரேம் (கார்ட் மெமரி) சோதனையை ஓடவிட்டு ஒரு பிழையும் வராததை உறுதிப்படுத்துங்கள்.

அறிகுறி: தொடக்கத்தில் நல்ல வேகம், பத்து நிமிடத்தில் சரிகிறது

சூடு. கொழும்பில் வரும் முறைப்பாடுகளில் முதலிடம் இதற்குத்தான் கொடுக்க வேண்டும். ஜிபியூ-இசட்டில் பெர்ஃப்கேப் ரீசன் என்ற வரியைப் பாருங்கள். தெர்ம் என்றால் சூட்டு எல்லை, பவர் என்றால் மின் எல்லை, விரெல் என்றால் வோல்டேஜ் எல்லை. மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு.

தெர்ம் காட்டினால் கோர் சூட்டையும் ஹொட் ஸ்பொட்டையும் ஒப்பிடுங்கள். இடைவெளி 10 முதல் 20 பாகைக்குள் இருந்தால் சிப்புக்கும் ஹீட்சிங்குக்கும் இடையிலுள்ள தெர்மல் பேஸ்ட் சரியாகவே இருக்கிறது. கேஸின் காற்றோட்டத்தையும் ஃபேன் வேகத்தையும் கவனியுங்கள். இடைவெளி 30ஐத் தொட்டால் பேஸ்ட் காய்ந்திருக்கிறது அல்லது ஹீட்சிங்க் ஒரு பக்கம் சாய்ந்து பூட்டப்பட்டிருக்கிறது. ஆர்டிஎக்ஸ் 3080, 3090 வைத்திருப்பவர்கள் மெமரி ஜங்ஷன் (மெமரிச் சிப்பின் உள்) சூட்டையும் எச்டபிள்யூ-இன்ஃபோவில் பாருங்கள். அது 110 பாகையைத் தொட்டதும் கார்ட் தானாகவே வேகத்தைக் குறைக்கும். கோர் 70இல் நிற்கும்போதும் இது நடக்கும். மெமரியின் சூட்டை ஹீட்சிங்குக்குக் கடத்தும் தெர்மல் பேட் மாற்றாமல் தீராது. மாற்றும்போது பழைய பேட்டின் தடிப்பை இடத்துக்கு இடம் அளந்து அதே தடிப்பில் வாங்குங்கள். அரை மில்லிமீற்றர் தடித்துப்போனால் ஹீட்சிங்க் கோரில் படியாமல் தூக்கிக்கொள்ளும். மெமரி குளிரும், கோர் வேகும்.

கொழும்பின் காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட வீடுகளில் இன்னொன்றும் சேரும். உப்புக்காற்றும் ஈரப்பதமும் தூசியை ஒட்டும் படையாக்கி ஹீட்சிங்க் இடுக்குகளில் அடைத்துவிடும். புளோவர் அடித்தாலும் முழுதாகப் போகாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஃபேனைக் கையால் பிடித்துக்கொண்டு, மென்மையான பிரஷ்ஷால் தட்டிப் பிறகு காற்றடியுங்கள். கார்டின் பொன்னிற விளிம்பில் மங்கலோ பச்சைப் படிவோ தெரிந்தால் 99 வீத ஐசோபுரொப்பைல் அல்ககோலைத் துணியில் தொட்டுத் துடைத்து, முற்றாகக் காய்ந்த பின் பூட்டுங்கள். அழிறப்பரால் அழுத்தித் தேய்த்தால் பொன் பூச்சே கழன்றுபோகும்.

வெப்ப நாட்டில் ஓவர்கிளொக்கை விட அண்டர்வோல்ட் (குறைந்த வோல்டேஜில் ஓட்டுவது) நல்லது என்பது எங்கள் உறுதியான கருத்து. ஆர்டிஎக்ஸ் 3060 ஒன்றில், வளைவுத் திரையில் 900 மில்லிவோல்ட் புள்ளியை 1800 மெகாஹெர்ட்ஸுக்கு உயர்த்தி, அதற்கு வலப்பக்கமுள்ள எல்லாப் புள்ளிகளையும் அதே மட்டத்தில் தட்டையாக்கித் தொடங்குங்கள். நிலையாக ஓடினால் 15 மெகாஹெர்ட்ஸாக ஏற்றுங்கள். விழுந்தால் வோல்டேஜை ஒரு புள்ளி கூட்டுங்கள். எடுக்கும் வொட் குறைவதால் சூடு குறையும், சூடு குறைவதால் வேகம் சரியாது. பகல் இரண்டு மணிக்கு 31 பாகை அறையில் சோதியுங்கள். இரவில் சோதித்து முடிவெடுத்தவருக்குப் பகலில் கார்ட் விழும்.

அறிகுறி: திரை கறுத்து, ஃபேன் முழு வேகத்தில் இரைகிறது, கேம் சத்தம் தொடர்ந்து கேட்கிறது

கார்ட் தன்னைக் காத்துக்கொள்ள நின்றுவிட்டது. ஒன்று ஹொட் ஸ்பொட் எல்லை, இல்லாவிட்டால் கார்டுக்கான மின் இணைப்பு. 8 பின் இணைப்பு ஒவ்வொன்றும் 150 வொட், 6 பின் 75 வொட், மதர்போர்ட் ஸ்லொட் 75 வொட் என்பது கணக்கு. இரண்டு 8 பின் கேட்கும் கார்டுக்கு ஒரே வயரின் இரட்டைத் தலையைப் பூட்டாமல், பவர் சப்ளையிலிருந்து இரண்டு தனி வயர்களை எடுங்கள். 12 வோல்ட் ஹைபவர் (புதிய கார்டுகளின் 16 பின்) இணைப்பென்றால் முழுதாக உள்ளே போயிருக்கிறதா என்று வெளிச்சம் பிடித்துப் பாருங்கள். பிளாஸ்டிக் மஞ்சளித்திருந்தாலோ எரிந்த மணம் வந்தாலோ அந்த வயரை மறுபடி பாவிக்க வேண்டாம்.

அறிகுறி: கொம்பியூட்டர் முழுதாக அணைகிறது

ஈவென்ட் வியூவரில் கேர்னல் பவர் 41 மட்டும் நின்று, வேறு பிழை எதுவும் இல்லாவிட்டால் பவர் சப்ளையைப் பாருங்கள். கார்டின் சராசரி 320 வொட் என்றாலும் ஒரு கணத்துக்கு அதைவிட மிக அதிகமாக இழுக்கும். பழைய பவர் சப்ளையின் பாதுகாப்பு அதைக் கண்டு அணைத்துவிடும். பவர் லிமிட்டை 80 வீதத்துக்கு இறக்கிப் பாருங்கள். அணைவது நின்றால் குற்றவாளி யார் என்பது தெரிந்துவிட்டது.

அடுத்தது யூபிஎஸ். 650 விஏ என்று எழுதிய பெட்டி தருவது வழமையாக 360 முதல் 390 வொட்தான். மொனிட்டரும் அதே யூபிஎஸ்ஸில் இருந்தால், பெரிய கார்டில் கேம் ஓடும்போது அது மிகுபாரத்தில் கத்திக்கொண்டு விழும். சோதிக்க, யூபிஎஸ்ஸை விட்டுச் சுவர்ப் பிளக்கில் நேரடியாகப் போடுங்கள். இடையில் மல்டிபிளக் அடப்டர் வேண்டாம். கேஸைத் தொட்டால் சுள்ளென்று அடிக்கிறதா? அப்படியென்றால் எர்த் இல்லை. இரண்டு முள் அடப்டரை எடுத்தெறிந்துவிட்டு, எர்த் உள்ள மூன்று முள் பிளக்கில் போடுங்கள். பிளக் சரியாக இருந்தும் அடித்தால் எலக்ட்ரீஷியனை வரவழையுங்கள். எர்த் வராத வரை கார்டைக் கழற்றுவதும் பயோஸைத் தொடுவதும் கூடாது.

அறிகுறி: விண்டோஸ் திரை வந்ததும் கிராஷ், ஒவ்வொரு முறையும்

ஓவர்கிளொக்கைத் தொடக்கத்திலேயே போடும்படி ஆஃப்டர்பேர்னரில் டிக் வைத்திருக்கிறீர்கள். விண்டோஸ் லோகோ வரும்போது பவர் பட்டனைப் பிடித்து அணையுங்கள். இரண்டு மூன்று தடவை செய்தால் மீட்புத் திரை வரும். அதிலிருந்து சேஃப் மோடுக்குப் போய், ஆஃப்டர்பேர்னர் ஃபோல்டருக்குள் உள்ள புரொஃபைல்ஸ் ஃபோல்டரின் ஃபைல்களை அழியுங்கள். இனி, ஒரு வாரம் நிலையாக ஓடிய எண்ணுக்கு மட்டும் அந்த டிக்கைக் கொடுங்கள்.

பயோஸ் ஃபிளாஷ்: எப்போது, எப்படி

நியாயமான காரணங்கள் சில உண்டு. 2021இல், சிபியூ கார்டின் மெமரி முழுவதையும் ஒரே நேரத்தில் அணுகவிடும் ரீசைசபிள் பார் வசதிக்காக ஆர்டிஎக்ஸ் 30 கார்டுகள் பலவற்றுக்குத் தயாரிப்பாளர்கள் புதிய பயோஸ் வெளியிட்டார்கள். மேக்ஸ்வெல், பாஸ்கல் என்ற பழைய தலைமுறை என்வீடியா கார்டுகளில் டிஸ்ப்ளேபோர்ட் 1.3, 1.4 மொனிட்டர்கள் விண்டோஸ் வரும்வரை கறுத்திருக்கும் கோளாறுக்கு என்வீடியாவே ஒரு திருத்தம் கொடுத்தது. மூன்றாவது, இங்கே அதிகம் காணப்படுவது: மைனிங்கில் (கிரிப்டோ நாணயம் ஈட்டும் கணக்குவேலை) ஓடிய கார்டை மூல பயோஸுக்குத் திருப்புவது. 2022 செப்டெம்பர் 15இல் எதீரியம் என்ற கிரிப்டோ நாணயம் மைனிங் முறையைக் கைவிட்டதும் உலகெங்கும் மைனிங் கார்டுகள் பாவித்த பொருளாகச் சந்தைக்கு வந்தன. பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவிலோ இணைய விளம்பரத்திலோ பாவித்த ஆர்எக்ஸ் 570, 580 வாங்கியவர்கள் ஜிபியூ-இசட்டில் டீஃபோல்ட் கிளொக்கைப் பாருங்கள். ஆர்எக்ஸ் 580இன் மூல பூஸ்ட் 1340 மெகாஹெர்ட்ஸ். அங்கே 1150 போன்ற எண் நின்றால் அது மைனிங் பயோஸ். ஷேடர் எண்ணிக்கை 2304க்குப் பதிலாக 2048 என்றிருந்தால், அது 2048எஸ்பி என்று விற்கப்பட்ட, ஆர்எக்ஸ் 570ஐ ஒத்த கார்ட். 580இன் பயோஸ் போட்டு அதை 2304 ஆக்க முடியாது.

கூடுதல் வேகத்துக்காகப் பயோஸைத் திருத்த நினைப்பவர்களுக்கு: ஜிடிஎக்ஸ் 10 தொடரிலிருந்து என்வீடியா கார்டுகள் டிஜிட்டல் கையொப்பம் இல்லாத பயோஸைப் பொதுவாக ஏற்பதில்லை. பணம் வாங்கிக்கொண்டு திருத்தித் தருவதாகச் சொல்பவர்களை நம்ப வேண்டாம்.

செய்யும் ஒழுங்கு இது. கார்டின் பின்புற ஸ்டிக்கரில் உள்ள மொடல் எண்ணையும் ரிவிஷனையும் படம் எடுங்கள். ஜிபியூ-இசட்டில் மெமரி தயாரிப்பாளர் சாம்சுங்கா, ஹைனிக்ஸா, மைக்ரோனா, எல்பிடாவா என்று குறித்துக்கொள்ளுங்கள். புதிய பயோஸ் அந்த மெமரியை ஆதரிக்க வேண்டும். தற்போதைய பயோஸை இரண்டு தடவை வேறு வேறு பெயரில் சேமித்து, விண்டோஸின் சேர்ட்யூட்டில் கட்டளையால் இரண்டின் ஹாஷும் (ஃபைலின் கைரேகை போன்ற எண்) ஒன்றா என்று பாருங்கள். ஒன்றாக இல்லாவிட்டால் வாசிப்பிலேயே கோளாறு. எழுதுவதைப் பற்றி நினைக்கவே வேண்டாம். மைனிங் பயோஸ் என்றாலும் சேமியுங்கள்: திரை தருகிற பயோஸ் அதுதான். ஒரு பிரதி பென் டிரைவில், ஒரு பிரதி ஃபோனில்.

ஓவர்கிளொக்கை ரீசெட் செய்து ஆஃப்டர்பேர்னரை மூடுங்கள். டிஸ்க்கைப் பூட்டும் பிட்லொக்கர் போட்டிருந்தால் இடைநிறுத்துங்கள். கார்டின் பயோஸ் மாறியதைக் கண்டு விண்டோஸ் மீட்புச் சாவி கேட்கக்கூடும். சிபியூவில் உள்ளக கிராபிக்ஸ் இருக்கிறதா? இன்டெல்லில் பெயர் எஃப் என்று முடிந்தால் இல்லை. அப்படியென்றால் பழைய கார்ட் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டே தொடங்குங்கள். யூபிஎஸ் கட்டாயம்: எழுதும் நேரத்தில் கொம்பியூட்டர் அதிகம் இழுக்காது, சிறிய யூபிஎஸ்ஸே போதும். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடி மின்னல் வரும் நேரத்தைத் தவிர்த்துக் காலையில் செய்யுங்கள்.

பயோஸ் எழுதும் கருவி, என்வீடியாவுக்கு என்விஃபிளாஷ்: முதலில் புரொடெக்ட் ஓஃப் கட்டளை, பிறகு ரொம் ஃபைலின் பெயர். ஏஎம்டிக்கு ஏஎம்டி விபிஃபிளாஷ்: எந்தக் கார்டுக்கு எந்த எண் என்று பட்டியலில் பார்த்துவிட்டு எழுதும் கட்டளை. முடிந்ததாகச் செய்தி வரும்வரை விசைப்பலகையைத் தொடாதீர்கள். பிறகு முழுதாக அணைத்து, பிளக்கையும் கழற்றி, ஒரு நிமிடம் விட்டுப் போடுங்கள். டிரைவரை டிடியூ என்ற அகற்றும் கருவியால் துடைத்துப் புதிதாக நிறுவுங்கள்.

அறிகுறி: சப்சிஸ்டம் ஐடி பொருந்தவில்லை என்று கருவி மறுக்கிறது

வேறு தயாரிப்பாளரின் போர்டுக்கான பயோஸைக் கையில் வைத்திருக்கிறீர்கள். 6 என்ற ஒப்ஷனால் இதைத் தாண்டலாம் என்று எங்கும் எழுதியிருக்கும். போர்ட் வடிவமைப்பு, மெமரி, பவர் இணைப்பு, பின்புறத் திரை இணைப்புகளின் வரிசை எல்லாம் ஒத்தால் மட்டுமே தாண்டுங்கள். ஒத்திராவிட்டால் ஃபேன் சுற்றாது, ஒரு எச்டிஎம்ஐ செத்திருக்கும், அல்லது வொட் அளவீடு பொய் சொல்லும். ஃபிளாஷுக்குப் பிறகு இவற்றில் ஒன்றைக் கண்டால் உடனே பழைய பிரதியைத் திருப்பி எழுதுங்கள்.

அறிகுறி: பயோஸ் சேர்ட் 2.0 வெரிஃபிகேஷன் எரர்

ஃபைல் திருத்தப்பட்டது அல்லது பழுதானது. தயாரிப்பாளரின் தளத்திலிருந்து புதிதாக எடுங்கள். எழுதுவதற்குப் பூட்டு இருப்பதாகச் செய்தி வந்தால் புரொடெக்ட் ஓஃப் கட்டளை போகவில்லை.

அறிகுறி: திரை வருகிறது, டிவைஸ் மனேஜரில் கோட் 43

ஏஎம்டி போலாரிஸ் (ஆர்எக்ஸ் 570, 580 போன்ற) கார்டில் திருத்திய பயோஸின் கையொப்பத்தை டிரைவர் நிராகரிக்கிறது. மூல பயோஸைப் போட்டால் தீரும். விண்டோஸில் திரை வந்து, மதர்போர்ட் பயோஸில் மட்டும் வராவிட்டாலும் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதே திருத்திய பயோஸைத்தான். மதர்போர்ட் பயோஸில் சிஎஸ்எம்மை (பழைய முறை பூட்) இயக்கினால் தற்காலிகமாகத் திரை வரும்.

அறிகுறி: திரையே இல்லை

பதற வேண்டாம். கார்டின் மேல் விளிம்பில் சிறிய சுவிட்ச் இருந்தால் அது இரட்டை பயோஸ். அணைத்து, மறுபக்கம் தள்ளி, பூட் செய்யுங்கள். விண்டோஸ் வந்த பின், ஓடிக்கொண்டிருக்கும்போதே சுவிட்சைக் கெட்ட பக்கத்துக்குத் தள்ளி, சேமித்த பிரதியை எழுதுங்கள்.

சுவிட்ச் இல்லாவிட்டால் மொனிட்டரை மதர்போர்டில் பூட்டி, உள்ளக கிராபிக்ஸால் பூட் செய்யுங்கள், அல்லது பழைய கார்டை முதல் ஸ்லொட்டில் போட்டுக் கெட்டதை இரண்டாவதில் போடுங்கள். பட்டியலில் கார்ட் தெரிந்தால் எழுதிவிடலாம்.

கெட்ட கார்ட் இருக்கும்வரை கொம்பியூட்டர் பூட் ஆகவே மறுத்தால் கடைசி வழி வெளிப் புரோகிராமர். சிஎச்341ஏ கருவியும் 8 கால் கிளிப்பும் வேண்டும். கார்டை ஸ்லொட்டிலிருந்து முற்றாகக் கழற்றி மேசையில் வையுங்கள். சிப்பின் மேல் எழுதிய எண்ணைத் தேடி அது 3.3 வோல்ட்டா 1.8 வோல்ட்டா என்று உறுதிப்படுத்துங்கள். புதிய கார்டுகள் பலவற்றில் 1.8 வோல்ட் சிப்தான், அதற்கு இடையில் அடப்டர் கட்டாயம். கறுப்புப் போர்ட் சிஎச்341ஏ பலவற்றில் தரவுக் கால்கள் 5 வோல்ட் தருகின்றன. வோல்ட்மீற்றர் வைத்து அளந்த பிறகே கிளிப்பைப் போடுங்கள். கிளிப்பின் சிவப்பு வயர் சிப்பில் புள்ளியிட்ட முதல் காலுக்கு. முதலில் வாசியுங்கள், இரண்டாவது தடவையும் வாசியுங்கள். இரண்டும் ஒன்றானால் அழித்து, எழுதி, வெரிஃபை கொடுங்கள். வெரிஃபை தோற்றால் கிளிப்பைக் கழற்றிச் சிப்பின் கால்களை அல்ககோலால் துடைத்து மறுபடி பூட்டுங்கள். உப்புப் படிந்த கால்களில் கிளிப் சரியாகப் பிடிக்காது.